பின் சக்கரத்தை அளக்காமல் முன் சக்கரத்தில் கை வைக்காதீர்கள்

"அண்ணாச்சி, ஸ்டீரிங் கொஞ்சம் கோணலா நிக்கு. பாத்து நேராக்கிக் குடுங்க." வண்ணார்பேட்டையானாலும் தென்காசியானாலும் அலைன்மென்ட் கடையில் தினமும் கேட்கிற பேச்சு இது. வண்டியை மேடையில் ஏற்றுவார்கள். ஸ்டீரிங்கை நடுவில் பூட்டி, முன் சக்கரத்தை ஸ்டீரிங்கோடு இணைக்கும் கம்பியான டை ராடைத் திருகி டோவை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணத்தை, சரிசெய்வார்கள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், ஸ்டீரிங்கும் நேராகத்தான் நிற்கும். ஆனால் சில ஆயிரம் கிலோமீட்டர் போனதும் பின் டயரின் ஓரம் வழுக்கையாகிக் கிடக்கும், ஓடும்போது பின்னால் இருந்து ஊஊ என்று ஒரு முனகல் கேட்கும். பேரிங் போய்விட்டது என்று நினைத்து அதையும் மாற்றுவோம். முனகல் போகாது.

கார் எந்தத் திசையில் போக வேண்டும் என்று முடிவு செய்வது பின் அச்சு. முன் சக்கரத்தைத் திருப்ப நம் கையில் ஸ்டீரிங் இருக்கிறது, பின் சக்கரத்தைத் திருப்ப எதுவும் இல்லை. அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அந்தப் பக்கமே உருளும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கில் முன்னால் நிற்பார்கள். ஆனாலும் தேர் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதைச் சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்தான் முடிவு செய்கிறார். காரிலும் அப்படித்தான். எஞ்சின் முன்னால் இருந்து இழுக்கட்டும், போகும் கோட்டைப் பின் சக்கரம் இரண்டும் சேர்ந்து வரையும். அந்தக் கோட்டுக்குத் த்ரஸ்ட் லைன் என்று பெயர். அது காரின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதுதான் த்ரஸ்ட் கோணம். கோணம் பூஜ்யமாக இல்லாவிட்டால் கார் நண்டு மாதிரி லேசாகச் சாய்ந்தபடி ஓடும். நேராகப் போக வேண்டுமானால் முன் சக்கரத்தையும் அதே அளவு திருப்பிப் பிடித்தாக வேண்டும். ஸ்டீரிங் விகிதம் 16-க்கு 1 உள்ள காரில் (ஸ்டீரிங் 16 டிகிரி திரும்பினால் சக்கரம் 1 டிகிரி திரும்பும்) 0.3 டிகிரி த்ரஸ்ட் இருந்தால் ஸ்டீரிங் ஏறத்தாழ 5 டிகிரி கோணலாக நிற்கும்.

பின் சக்கரத்தில் அளக்க வேண்டியவை இரண்டே. ஒன்று டோ: மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன் ஓரம் உள்ளே சாய்ந்திருந்தால் டோ-இன், வெளியே விரிந்திருந்தால் டோ-அவுட். இன்னொன்று கேம்பர்: பின்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருப்பது நெகட்டிவ், வெளியே சாய்ந்திருப்பது பாசிட்டிவ். டயரைத் தின்பதில் டோதான் முதல் ஆள். ஒரு சக்கரம் 0.25 டிகிரி தப்பாக நின்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 4.4 மீட்டர் பக்கவாட்டில் தேய்ந்தபடி போகும். திருநெல்வேலியிலிருந்து மதுரை போய்ச் சேரும் 160 கிலோமீட்டருக்குள் அந்த டயர் 700 மீட்டர் குறுக்கே இழுபட்டிருக்கும்.

டயர் இதை மறைக்காது. தரையைத் தொடும் ட்ரெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு ஒரு முறையும் திரும்ப உள்ளிருந்து வெளியே ஒரு முறையும் தடவிப் பாருங்கள். உள்ளே போகும்போது வழுவழுப்பாகவும் வெளியே வரும்போது ரம்பப் பல் மாதிரி சுரசுரப்பாகவும் இருந்தால் டோ-இன் அதிகம். தலைகீழாக இருந்தால் டோ-அவுட். பல் எதுவும் இல்லாமல் ஒரு ஓரம் மட்டும் சீராகத் தேய்ந்திருந்தால் கேம்பர். முன் சக்கரம் இழுக்கும் கார்களில் பின்னால் எடை குறைவு. அதனால் டோ தப்பானால் டயர் சீராகத் தேயாமல் குதித்துக் குதித்துச் சாய்வாகத் திட்டுத் திட்டாகத் தேயும். மேலே சொன்ன முனகல் வருவது அந்தத் திட்டுகளிலிருந்துதான். ஒரு எச்சரிக்கை: டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டிருந்தால், இப்போது முன்னால் தெரியும் தேய்மானம் பின்னால் இருந்தபோது வந்ததாக இருக்கலாம். எப்போது மாற்றினோம் என்று குறித்து வையுங்கள்.

முதலில் கீழே குனிந்து, உங்கள் காரில் பின்னால் என்ன அமைப்பு இருக்கிறது என்று பாருங்கள். சுவிஃப்ட், டிசையர், பலேனோ, ஐ20, போலோ, நெக்ஸான் போன்றவற்றில் இருப்பது டோர்ஷன் பீம். இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே உலோகத் துண்டு. அதில் திருகிச் சரிசெய்ய எந்தப் போல்ட்டும் கிடையாது. இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனரில் லிங்க்குகளோடு கூடிய கட்டி ஆக்சில். பொலிரோவிலும் நாம் குட்டியானை என்று சொல்லும் டாடா ஏஸிலும் கமான் பட்டையோடு கட்டி ஆக்சில். எக்ஸ்யூவி700, ஜீப் காம்பஸ், ஸ்கோடா சூப்பர்ப் மாதிரி வண்டிகளில் ஒவ்வொரு பின் சக்கரமும் தனித்தனி. இந்த வகையில் பெரும்பாலும் டோவைத் திருப்பக் கேம் போல்ட் (தலையைத் திருப்பினால் சக்கரத்தின் கோணத்தை மாற்றும் போல்ட்) இருக்கும், சிலவற்றில் கேம்பருக்கும் இருக்கும்.

"பின்னாடி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது சார், அதனால பாக்க வேண்டாம்" என்று கடையில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். திருகிச் சரிசெய்ய முடியாத அச்சில்தான் அளவுக்கு மதிப்பு அதிகம். அளவு தப்பாக வந்தால் எங்கோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

அளக்கும் முன்

காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைப் பாருங்கள். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அளவுக்கு நான்கிலும் நிரப்புங்கள். நம்மூர் பங்குனி, சித்திரை வெயிலில் மதியம் பார்த்தால் அளவு ஏறித்தான் காட்டும். பின் டயர் இரண்டும் ஒரே அளவாக, ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். டிக்கியில் கிடக்கும் அரிசி மூட்டை, வாழைத்தார், கருவிப் பெட்டி எல்லாம் இறங்கட்டும். ஸ்டெப்னி இருக்கட்டும். சிஎன்ஜி சிலிண்டர் நிரந்தரமாகப் பொருத்தியிருந்தால் அதோடு சேர்த்துத்தான் அளக்க வேண்டும், வண்டி தினமும் அந்த எடையோடுதான் ஓடுகிறது.

அடுத்து ஆட்டம். முன் சக்கரத்துக்குக் கல் அண்டக்கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டினால் டக் டக் என்று வந்தால் பேரிங். டயர் லிவரை பீமின் முன் புஷ்ஷுக்கு (பீமை வண்டியின் உடலோடு இணைக்கும் ரப்பர் மூட்டு) பக்கத்தில் கொடுத்து நெம்பிப் பாருங்கள். ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்திருந்தாலோ, பீம் முன்னும் பின்னும் தாராளமாக நகர்ந்தாலோ அதுதான் முதல் வேலை. ஆட்டம் உள்ள அச்சை அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு அளவு வரும்.

அப்படியே தூக்கி நிற்கும்போது ரிம்மின் ஆட்டத்தையும் பார்த்துவிடுங்கள். தரையில் ஒரு கம்பியை அசையாமல் நிறுத்தி, அதன் நுனி ரிம் ஓரத்தைத் தொட்டும் தொடாமல் இருக்கும்படி வைத்து, சக்கரத்தைச் சுற்றுங்கள். ரிம் எந்த இடத்தில் அதிகமாக வெளியே வருகிறதோ அங்கே சாக்பீஸால் குறி. டோ அளக்கும்போது அந்தக் குறி உச்சியில், 12 மணியில் நிற்க வேண்டும். அப்போது ரிம்மின் வளைவு முன் ஓரத்தையும் பின் ஓரத்தையும் ஒரே அளவு பாதிக்கும், டோ அளவு கெடாது. கேம்பர் அளக்கும்போது குறியை 3 மணிக்குக் கொண்டு வர வேண்டும், காரணம் அதேதான். பழைய இரும்பு ரிம்மில் 1 மி.மீ. ஆட்டம் சர்வ சாதாரணம். இதைப் பார்க்காமல் அளந்தால் அந்த ஆட்டமே டோ மாதிரி வேஷம் போடும்.

வண்டியை இறக்கியதும் உடனே அளக்கக் கூடாது. தூக்கி இறக்கிய சக்கரம் பக்கவாட்டில் இறுகி நிற்கும். சக்கரம் ஒரு முழுச் சுற்று வரும்படி, 14 அங்குல ரிம் என்றால் ஏறத்தாழ 1.9 மீட்டர், முன்னால் தள்ளுங்கள். குறி திரும்ப உச்சிக்கு வந்துவிடும். பின்பக்கத்தை இரண்டு மூன்று முறை அமுக்கி விடுங்கள். ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

நூல் கட்டி டோ பார்ப்பது

மெஷின் இல்லாமல் வீட்டு முற்றத்திலேயே அரை மி.மீ. துல்லியத்துக்குப் பார்க்கலாம். தேவையானவை: 2.2 மீட்டர் நீளமுள்ள இரண்டு சதுர அலுமினியப் பைப், தூண்டில் நரம்பு, 150 மி.மீ. இரும்பு ஸ்கேல், நான்கு முக்காலி, நான்கு அரைச் செங்கல்.

பைப் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, 2 மீட்டர் இடைவெளியில் ஹேக்சா பிளேடால் இரண்டு வெட்டு போடுங்கள். சேர்த்துக் கட்டி வெட்டினால்தான் இரண்டிலும் இடைவெளி மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருக்கும். 2 மீட்டர் என்பது 2 மீட்டர் 1 மி.மீ. ஆனாலும் கவலையில்லை, இரண்டு பைப்பிலும் அதே அளவாக இருந்தால் போதும். ஒரு பைப்பை முன் பம்பருக்கு முன்னாலும் இன்னொன்றைப் பின் பம்பருக்குப் பின்னாலும், சக்கரத்தின் மையம் நிற்கும் உயரத்தில் முக்காலிமேல் வையுங்கள். வெட்டுகளில் நரம்பை மாட்டி, நுனியில் அரைச் செங்கலைக் கட்டித் தொங்கவிடுங்கள். இழுவிசை ஒரே மாதிரி இருக்கும், தொய்வும் இருக்காது. இப்போது காரின் இரு பக்கமும் இரண்டு நரம்பு, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். வண்டியில் எதையும் கட்டவில்லை என்பதால் கதவைத் திறந்தாலும் நரம்பு அசையாது. காற்று அசைக்கும், அதனால் விடிகாலை நல்லது.

இனி இந்தச் செவ்வகத்தைக் காருக்கு நேராக்க வேண்டும். பிளாஸ்டிக் வீல் கப்பைக் கழற்றிவிட்டு, முன் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) மையத்திலிருந்து நரம்பு வரை இடமும் வலமும் அளந்து பாருங்கள். சமமாக வரும்வரை முன் பைப்பைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். பின்னாலும் அப்படியே. முன்னாலும் பின்னாலும் வரும் அளவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் பல கார்களில் முன், பின் சக்கர இடைவெளியே வேறு. இடமும் வலமும் சமமாக இருந்தால் போதும். பின்னால் நகர்த்தினால் முன்னால் மாறும், முன்னால் சரிசெய்தால் பின்னால் மாறும். மூன்று நான்கு முறை மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் அமரும். பொறுமை போவது இந்த இடத்தில்தான், ஆனால் மொத்த அளவும் இதன்மேல்தான் நிற்கிறது.

அமர்ந்ததும் பின் சக்கரத்தில் ஹப் உயரத்தில், ரிம்மின் முன் ஓரத்திலிருந்து நரம்புக்கு எத்தனை, பின் ஓரத்திலிருந்து நரம்புக்கு எத்தனை என்று அளந்து எழுதுங்கள். டயரின் பக்கத்தில் அளக்கக் கூடாது, எழுத்தும் வீக்கமும் ஏமாற்றும். நரம்பு வெளியே ஓடுவதால், முன் ஓரத்தின் தூரம் அதிகமாக இருந்தால் டோ-இன்.

ஒரு கணக்கு. 14 அங்குல ரிம்மில் ஓரத்திலிருந்து ஓரம் ஏறத்தாழ 390 மி.மீ. 57.3-ஐ 390-ஆல் வகுத்தால் 0.147. அதாவது 1 மி.மீ. வித்தியாசம் 0.147 டிகிரி, மெஷின் பாஷையில் 9 நிமிடம் (60 நிமிடம் ஒரு டிகிரி). உங்கள் ரிம்மை நீங்களே அளந்து இந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். இடது பின் சக்கரத்தில் முன் ஓரம் 134, பின் ஓரம் 131 என்றால் 3 மி.மீ. டோ-இன், அதாவது 0.44 டிகிரி. வலது சக்கரத்தில் முன் ஓரம் 132, பின் ஓரம் 132.5 என்றால் அரை மி.மீ. டோ-அவுட், மைனஸ் 0.07 டிகிரி. இரண்டையும் கூட்டினால் மொத்த டோ 0.37 டிகிரி, 22 நிமிடம். டோர்ஷன் பீம் கார்களுக்கு மொத்த டோ-இன் 20 நிமிடத்தை ஒட்டி இருப்பது வழக்கம் என்பதால், மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் "எல்லாம் சரி" என்று சொல்லிவிடுவார். இடதிலிருந்து வலதைக் கழித்துப் பாதியாக்குங்கள்: 0.26 டிகிரி. இதுதான் த்ரஸ்ட். 0.2-க்குள் இருந்தால் பெரும்பாலும் யாரும் கவலைப்படுவதில்லை. இங்கே தாண்டிவிட்டது. இடது சக்கரத்தில் டோ-இன் அதிகம், ஆகவே பின் அச்சு வலப்பக்கம் பார்க்கிறது, ஸ்டீரிங்கும் 4 டிகிரி அளவுக்கு வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். உங்கள் காருக்கான சரியான எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். பொதுவான எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கேம்பருக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். ஃபெண்டரிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை அளங்கள். அதே 390 மி.மீ. ரிம்மில் 1 டிகிரிக்கு 6.8 மி.மீ. வித்தியாசம் வரும். டோர்ஷன் பீமில் 1 முதல் 1.5 டிகிரி வரை நெகட்டிவ் இருப்பது இயல்பு. பின் சக்கரத் தலை உள்ளே சாய்ந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இடமும் வலமும் அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால்தான் யோசிக்க வேண்டும். தரை மட்டம் இங்கே முக்கியம். மழைத்தண்ணீர் தெருவுக்கு ஓட வேண்டும் என்று நம் வீட்டு முற்றங்களை வாட்டமாகத்தான் போடுவார்கள். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தரை 10 மி.மீ. ஏற்ற இறக்கமாக இருந்தால் ஒரு பக்கம் 0.4 டிகிரி கூடும், மறுபக்கம் அதே அளவு குறையும். கொத்தனாரின் டியூப் மட்டத்தை வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் டைல்ஸ் துண்டோ தகடோ கொடுத்துச் சமப்படுத்துங்கள்.

அளவு சொல்லும் சேதி

மேலே உள்ள கணக்கைப் போல மொத்த டோ சரியாக இருந்து, ஒரு பக்கம் கூடி மறுபக்கம் அதே அளவு குறைந்திருந்தால், சக்கரம் எதுவும் வளையவில்லை. பீம் மொத்தமும் திரும்பி நிற்கிறது. முன் புஷ் கிழிந்திருக்கும், அல்லது பிராக்கெட் போல்ட் தளர்ந்து நகர்ந்திருக்கும். புஷ்கள் இரண்டும் 1 மீட்டர் இடைவெளியில் இருந்தால் 0.26 டிகிரி என்பது வெறும் 4.5 மி.மீ. நகர்வுதான். இதை ஒத்துப் பார்க்க ஒரு வழி உண்டு: ஸ்டீரிங்கை நேராக வைத்து, முன் ஹப் மையத்திலிருந்து பின் ஹப் மையம் வரை இரு பக்கமும் அளங்கள். இந்த உதாரணத்தில் வலப்பக்கம் 6 அல்லது 7 மி.மீ. நீளமாக வரும், வலது சக்கரம் பின்னால் தள்ளி நிற்கிறது என்று பொருள். சில வண்டிகளில் பிராக்கெட் துளை நீளமாக இருக்கும். போல்ட்டைத் தளர்த்தி பீமை நகர்த்தினால் இரு சக்கரத்துக்கும் டோவைச் சமமாகப் பங்கிடலாம், மொத்தம் மாறாது.

ஒரே ஒரு சக்கரத்தில் டோவும் கேம்பரும் சேர்ந்து கெட்டிருந்தால் ஸ்டப் ஆக்சிலையோ (பீம் முனையில் சக்கரத்தைத் தாங்கும் குட்டை அச்சு) பீமின் அந்த முனையையோ சந்தேகப்படுங்கள். நாலு வழிச்சாலையின் நடுத்திட்டில் உரசியது, மணிமுத்தாறு பக்கத்து மலைப்பாதையில் பின் சக்கரம் பக்கவாட்டாகக் கல்லில் அறைந்தது, இந்த மாதிரி அடிதான் காரணமாக இருக்கும். நேராகக் குழியில் விழுவதை விடப் பக்கவாட்டு அடிதான் ஸ்டப் ஆக்சிலை வளைக்கும். கேம்பர் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறி மாறி வந்தால் பேரிங்கைத் திரும்பப் பாருங்கள்.

கமான் பட்டை வண்டியில் இன்னும் எளிது. அச்சு கட்டி, ஆகவே டோவும் கேம்பரும் வளைந்தால் ஒழிய மாறாது. ஆனால் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்தாலோ யூ-போல்ட் தளர்ந்தாலோ ஆக்சில் ஒரு பக்கம் நழுவிவிடும். களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் குட்டியானை பின்பக்கம் கோணலாக ஓடுவதைப் பார்த்தால் முதலில் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் பேடின் குழியில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் 5 மி.மீ. நழுவினாலே 0.2 டிகிரி த்ரஸ்ட் வந்துவிடும்.

சரிசெய்வது

தனித்தனிச் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் கேம் போல்ட்டின் நிலையை முதலில் பெயிண்டால் குறியிடுங்கள். கேம்பர் முதலில், டோ பிறகு. வரிசை மாறினால் வேலை இரட்டிப்பு, ஏனென்றால் கேம்பரைத் திருப்பினால் டோ கூடவே ஓடும். நட்டை முழுக்கக் கழற்றாமல் கேம் நகரும் அளவுக்குத் தளர்த்தி, போல்ட் தலையைத் திருப்புங்கள். நடுவிலிருந்து இரு பக்கமும் 90 டிகிரிதான் பயன், அதைத் தாண்டினால் அளவு திரும்பி வர ஆரம்பிக்கும். தலையை ஒரு ஸ்பானரில் பிடித்தபடி நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போதே கோணம் சில நிமிட அளவுக்கு (60 நிமிடம் ஒரு டிகிரி என்ற கணக்கில்) நகர்ந்துவிடும், இறுக்கிய பின் மீண்டும் அளந்தால்தான் கணக்கு. சக்கரத்துக்கு அடியில் இரண்டு டைல்ஸை இடையில் கிரீஸ் தடவி வைத்தால் சக்கரம் தடையில்லாமல் நகரும். கடைகளில் இதற்குத்தான் ஸ்லிப் பிளேட் இருக்கிறது. அதன் பூட்டுப் பின்னை எடுத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புஷ் வழியாகப் போகும் எந்தப் போல்ட்டையும் வண்டி தன் எடையோடு சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கேறியே நிற்கும், சீக்கிரம் கிழியும். புதுப் புஷ் போட்டு ஆறு மாதத்தில் போய்விட்டது என்று சொல்லப்படும் பல புஷ்கள் இப்படிப் போனவை. டார்க் அளவு, அதாவது எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது, கையேட்டில் உள்ளபடி.

உவரி, இடிந்தகரை, திருச்செந்தூர் பக்கம் கடலோரத்தில் ஓடும் வண்டிகளிலும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டிகளிலும் கேம் போல்ட் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருவேறி ஒட்டியிருக்கும். போல்ட்டைத் திருப்பினால் குழாயும் சேர்ந்து சுற்றும், ரப்பர் முறுகும், அளவு மாறின மாதிரி காட்டிவிட்டு அடுத்த நாள் பழைய இடத்துக்கே வந்துவிடும். முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். அப்படியும் வராவிட்டால் வெட்டி எடுத்துப் புதுப் போல்ட்டும் புஷ்ஷும்தான் வழி. புதுசு போடும்போது தண்டில் கிரீஸோ துருத் தடுப்புப் பசையோ தடவுங்கள், இழையில் வேண்டாம், டார்க் கணக்கு மாறிவிடும்.

டோர்ஷன் பீமில் ஸ்டப் ஆக்சில் கழற்றி மாட்டும் வகையாக, நான்கு போல்ட்டில் நிற்பதாக இருந்தால், புதிய ஸ்டப் ஆக்சில் போடுவதே நேரான வைத்தியம். பீம் வளைந்திருந்தால் பீமை மாற்ற வேண்டும். சூடு காட்டி நிமிர்த்துவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். முறுகி மீளவே செய்த இரும்பு அது, சூடு பட்ட இடத்தில் அந்தக் குணம் போய்விடும், வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும்.

சிறிய பிசகுக்கு ஷிம் உண்டு. பீமின் முகத்துக்கும் ஸ்டப் ஆக்சிலுக்கும் இடையே வைக்கும் சாய்வான தகடு அது. தடித்த பக்கம் பின்னால் வந்தால் டோ-இன் கூடும், முன்னால் வந்தால் குறையும். தடித்த பக்கம் கீழே வந்தால் கேம்பர் நெகட்டிவ் பக்கம் போகும், மேலே வந்தால் பாசிட்டிவ் பக்கம். போல்ட் துளைகள் 90 மி.மீ. இடைவெளியில் இருந்தால் அந்த நீளத்துக்கு அரை மி.மீ. சாய்வே 0.32 டிகிரி கொடுக்கும், ஆகவே தடிமனைக் கண்ணால் மதிப்பிடாமல் கணக்குப் போட்டு வாங்குங்கள். டிரம் பிரேக் வண்டியில் ஷிம் பீமுக்கும் பேக் பிளேட்டுக்கும் (பிரேக் ஷூவைத் தாங்கும் தகடு) இடையில் வர வேண்டும். பேக் பிளேட்டுக்கும் ஸ்டப் ஆக்சிலுக்கும் இடையில் வைத்தால் டிரம் சாயும், பிரேக் ஷூ சாயாது, ஒரு ஓரமாக உரசும். டிஸ்க் என்றால் காலிப்பரும் கூடவே சாய்கிறதா என்று பாருங்கள். ஏபிஎஸ் சென்சார் இடைவெளியையும் பார்க்க வேண்டும். ஷிம் போட்ட பிறகு போல்ட் முன்பு ஏறிய அளவுக்கு இழையில் ஏறுகிறதா என்பது உயிர் விஷயம், குறைந்தால் நீளப் போல்ட் தேவை.

இந்தச் சாய்வுத் தகடு இல்லாமல் இரண்டு போல்ட்டுக்கு மட்டும் வாஷர் கொடுத்து "சரி பண்ணியாச்சு" என்று அனுப்புவது உண்டு. மெஷினில் பச்சை விளக்கு எரியும். ஆனால் முகம் முழுவதும் ஒட்டி நிற்க வேண்டிய இரண்டு உலோகங்கள் இரண்டு வாஷர் முனையில் நிற்கின்றன. ஒவ்வொரு குழிக்கும் போல்ட் வளைந்து நிமிரும், ஒரு நாள் அறும். பின் சக்கரத்தைப் பிடித்திருப்பதே அந்த நான்கு போல்ட்தான்.

பின்பக்கம் முடிந்த பிறகுதான் முன்பக்கம். த்ரஸ்ட் பூஜ்யமாக வராவிட்டாலும் அனுமதித்த அளவுக்குள் இருந்தால், அந்தக் கோட்டுக்கு இணையாக முன் டோவை வைத்து ஸ்டீரிங்கை நேராக்குவது சரியான முறையே. அளவுக்கு வெளியே இருக்கும்போது அதையே செய்தால் நோயை மூடி வைப்பதாகும். கடைக்குப் போனால் நான்கு சக்கரத்திலும் டார்கெட் (மெஷின் பார்த்து அளக்கும் பலகை) மாட்டச் சொல்லுங்கள், வண்டியை முன்னும் பின்னும் உருட்டி ரிம் ஆட்டத்தைக் கழிக்கச் சொல்லுங்கள், திரையில் உங்கள் காரின் மாடலும் வருடமும் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்கு முன், வேலைக்குப் பின் என இரண்டு பிரின்ட்டும் கையில் வர வேண்டும். அதில் பின் சக்கரங்களின் தனித்தனி டோவும் த்ரஸ்ட் கோணமும் அச்சாகியிருக்க வேண்டும். பின்னால் டோ-அவுட் என்று வந்தால் அன்றே கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த ரோட்டில் பிரேக் மிதிக்கும்போது வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முந்தப் பார்க்கும்.

ஓட்டிப் பார்க்கும் இடமும் முக்கியம். ஆனி முதல் ஆவணி வரை வள்ளியூர் தாண்டி பணகுடி, காவல்கிணறு பக்கம் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அறையும். நாகர்கோவில் போகும்போது வண்டி இடப்பக்கம் ஒதுங்கும், திரும்பி வரும்போது வலப்பக்கம் ஒதுங்கும். திசை மாறினால் இழுப்பும் மாறினால் அது காற்று, அலைன்மென்ட் கிடையாது. நாலு வழிச்சாலை தண்ணீர் வடிய இடப்பக்கம் சரிந்திருக்கும், அங்கே லேசான இடது இழுப்பு எல்லா வண்டிக்கும் உண்டு. ஆகவே காற்றில்லாத காலையில், சரிவில்லாத ஒரு நீட்டத்தில், 60 கிலோமீட்டர் வேகத்தில் போய், அதே இடத்தில் திரும்பியும் வாருங்கள். இரண்டு திசையிலும் ஸ்டீரிங் ஒரே பக்கம் சாய்ந்தால் பின் அளவு இன்னும் மிச்சம் இருக்கிறது. ஸ்டீரிங் நேராக இருந்து, கையை லேசாக விட்டதும் வண்டி ஒரு பக்கம் ஓடினால் முன் கேம்பர், கேஸ்டர் (பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஸ்டீரிங் திரும்பும் அச்சின் சாய்வு) அல்லது டயர்தான் காரணம். முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் பார்த்தால் டயரா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும், ஆனால் திசைக்குறி போட்ட டயரை அப்படி மாற்றக் கூடாது. கழற்றி மாட்டிய போல்ட்டுகளை 500 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்ச்சால் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். பெயிண்ட் குறி நகர்ந்திருந்தால் மறுபடி அளக்க வேண்டும்.